அறுபத்தொரு மூக்குகளுக்கு அனுப்பிய அறிவிப்பு

மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ஒரே நாற்காலியை எத்தனையோ ஆண்டுகளாக எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வீற்றிருக்கும் எங்கள் சிறு வணிகர் சங்கத் தலைவர், மெத்தைக்கடை ஐயா அவர்களே! அந்த விசிறியின் மிச்சக் காற்றைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிரப்பி, முகத்திலே முறுவலும் மடியிலே பிஸ்கட் பொட்டலமுமாய் அமர்ந்திருக்கும் மூத்தோரே! காலையில் வீட்டைத் தூக்கி நிறுத்தி, பகலில் கடையைத் தூக்கி நிறுத்தி, மாலையில் இங்கே வந்து காலை நீட்டி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சலவைக்கடைச் சகோதரர்களே, சைக்கிள்கடைச் செல்வங்களே, சாவிக்கடைச் சான்றோர்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் நல்ல நெஞ்சங்களே, நாற்காலி கிடைத்தும் தேநீர் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தங்கங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து, அன்று முதல் இன்று வரை பேச்சுக்கு மட்டும் விடைகொடுக்காத என் பணிவான வணக்கம்.

என்ன தம்பி? பின்னால் கேட்கவில்லையா? ஹார்டுவேர் கடைத் தம்பிதானே அது? உனக்குக் கேட்கவில்லை என்றால் ஒலிபெருக்கியில் குறையில்லை. நீ கைப்பேசியைக் காதில் வைத்திருக்கிறாய். எடு. ஆங். இப்போது கேட்கிறதா? நல்லது.

சிறு கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய படித்த தம்பி திரையிலே வட்டம் வட்டமாய்ப் படம் காட்டினார். அழகான வட்டங்கள். ஒரு வட்டம் கடை, ஒரு வட்டம் வாடிக்கையாளர். கடையிலிருந்து கிளம்பிய அம்புகள் அத்தனையும் பறந்து போய் வாடிக்கையாளர் மேல் பாய்ந்தன. நானும் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு அம்பு போனது. ஒரே ஓர் அம்பாவது திரும்பி வந்ததா? வரவில்லை! அதைப் பார்த்த எனக்கு எங்கள் கடைதான் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் அம்பு விட்டோம். அள்ளி அள்ளி விட்டோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பேத்தி, என் மகள் வயிற்றுப் பேத்தி, கண்ணைப் பற்றிய படிப்புப் படித்தவள். எங்கள் குடும்பத்தில் அதுவரை கண்ணை உருட்டத்தான் எல்லோருக்கும் தெரியும். கண்ணைப் பார்த்து எண் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. (நன்றி, நன்றி. கைதட்டலைக் கொஞ்சம் சேமித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.) ஜெராக்ஸ் கடைக்கும் பூட்டுச் சாவிக் கடைக்கும் நடுவே ஒரு குட்டி அறையில் மூக்குக்கண்ணாடிக் கடை போட்டாள். முன்பக்கம் அவள் கண்ணைப் பார்ப்பாள். பின்பக்கம் அவள் கணவர், என் பேத்தி மாப்பிள்ளை, லென்ஸைத் தேய்த்துத் தேய்த்துச் செதுக்குவார். நடுவில் ஒரு முக்காலி. அதில் நான். என் வேலை என்ன? வருகிறவர்களை வரவேற்பது. வராதவர்களைப் பற்றி வருத்தப்படுவது.

அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மா ஒருவர் இருக்கிறார். கறாரான அம்மா. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்பேன். முப்பதாம் தேதி நானே வருவேன். கடையில ஆள் நிக்கணும். ஈ ஓட்டுற கடை என் கட்டடத்துக்கு ஆகாது. கைப்பேசி உறை விக்கறவர் ஒருத்தர் இந்த இடத்தைத் தினமும் கேட்டுட்டு இருக்கார், தெரிஞ்சுக்கோ." என் பேத்தியின் முகம் சுண்டிப்போனது. அவள் ஐந்து வருடம் படித்த படிப்பு, அவள் கணவர் விட்டுவிட்டு வந்த வேலை, எல்லாம் அந்தப் பத்தடி அறைக்குள் அல்லவா அடங்கிக் கிடந்தன!

முதல் இரண்டு மாதம் ஈதான். உண்மையைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்? நல்ல கொழுத்த ஈ. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் பேத்தி மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். பழைய ஃபிரேமைக் கொண்டு வந்து கொடுங்கள், புது லென்ஸ் போட்டுத் தருகிறோம், பாதி விலை. தெருவெல்லாம் துண்டுச்சீட்டு கொடுத்தோம். கூட்டம் குவிந்தது! இரண்டே நாளில் எண்பது பேர்! மூக்கிலிருந்து கழற்றி, மேசையில் வைத்து, முகவரி சொல்லிப் போனார்கள். போகிற ஒவ்வொருவரிடமும் நான் முக்காலியிலிருந்து முழங்கினேன்: "நீங்க ஒரு தடவைகூட அலைய வேண்டாம். கண்ணாடி ரெடியானதும் நாங்களே உங்களுக்குச் செய்தி அனுப்புவோம்!"

இந்த இடத்திலேயே சிரிக்கிற அந்தப் பச்சைச் சட்டைத் தம்பி கெட்டிக்காரர். மற்றவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். எங்களுக்குப் புரிய பதினெட்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் எண்பது கண்ணாடியும் தயார். செய்தி எழுத வேண்டும். பேத்தி சொன்னாள், "கண்ணாடி ரெடின்னு ரெண்டு வார்த்தை போட்டுடலாம் பாட்டி." நான் விடுவேனா? ஐந்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் சோப்புப்பெட்டி பரிசு வாங்கியவள் அல்லவா நான்! இரண்டு வார்த்தையில் ஒரு செய்தியா? நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்:

"பேரன்புக்குரிய வாடிக்கையாளப் பெருந்தகையீர்! தங்கள் விழிகளின் உற்ற துணையாம் மூக்குக்கண்ணாடி, முழுப்பொலிவு பெற்று, தங்கள் மூக்கின் வரவை எதிர்நோக்கி, முகம் வாடிக் காத்துக் கிடக்கிறது. விரைந்து வருக! விழியொளி பெறுக!"

எப்படி? தலைவர் ஐயாவே தலையாட்டுகிறார் பாருங்கள். அனுப்பினோம். எண்பது பேருக்கும் அனுப்பினோம். எத்தனை பேர் வந்தார்கள்? பத்தொன்பது பேர். மீதி அறுபத்தொரு பேர்? வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அலமாரியில் அறுபத்தொரு பெட்டிகள் அடுக்கடுக்காய் எங்களை முறைத்துக்கொண்டிருந்தன.

"மக்களுக்கு நீளமாப் படிக்கப் பொறுமை இல்ல பாட்டி. படம் போடணும்" என்றார் பேத்தி மாப்பிள்ளை. படம் போட்டோம். கண்ணாடி போட்ட பூனை, கண்ணாடி போட்ட சூரியன். வரவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அனுப்பினோம். வரவில்லை. கடைசியில் பொறுமை இழந்து, "இறுதி அறிவிப்பு" என்று போட்டு, நிபந்தனைகளையெல்லாம் எறும்பு எழுத்தில் எழுதி அனுப்பினோம். அதற்கும் வரவில்லை! ஆனால், அவையோரே, பதில் வந்தது.

என்ன பதில்? ஒருவர் நாற்பத்திரண்டு பூஜ்ஜியம் அனுப்பினார். ஓர் அம்மா தீயணைப்பு வண்டிப் படம் அனுப்பினார். எதிர்த்தெரு தையல்காரர் இருக்கிறாரே, அவர் ஒரு யானைப் படம் அனுப்பினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்று யானை!

நாங்கள் மூவரும் கடைக் கதவைச் சாத்திவிட்டு ஆலோசனை நடத்தினோம். யானை அனுப்பினால் என்ன பொருள்?

"நாம ரொம்ப மெதுவா இருக்கோம்னு சொல்றார் பாட்டி" என்றார் பேத்தி மாப்பிள்ளை.

"யானை மெதுவாவா போகும்? ஒருவேளை கண்ணாடி கனமா இருக்குன்னு சொல்றாரோ?" என்றாள் பேத்தி.

"இன்னும் போட்டே பாக்கலியே, கனம் எப்படித் தெரியும்? இது என்னைத்தான் சொல்றார். முக்காலியில உட்கார்ந்திருக்கேன்ல, அதைக் கிண்டல் பண்றார்!" என்றேன் நான்.

"ஐயோ பாட்டி, அப்படியெல்லாம் இருக்காது."

"பின்ன மூணு யானை எதுக்குடி? ஒண்ணு அனுப்பினா கை தவறிப் பட்டதுன்னு விடலாம். மூணு அனுப்பினா அது கருத்து!"

தாய்மார்களே, தந்தையரே! நாம் பேசியது போய்ச் சேர்ந்ததா என்று யோசிக்க மாட்டோம். போய்ச் சேராமல் திரும்பிய ஒன்றுக்குப் பொழிப்புரை எழுத மட்டும் முந்திக்கொள்வோம். இது நம் கடைகளிலே உள்ள நோயா, இல்லையா? இருக்கிறது என்பவர்கள் கையைத் தூக்குங்கள். தலைவர் ஐயா, நீங்களும் தூக்கலாம், விசிறி இடிக்காது.

அதற்குள் தேதி இருபத்தொன்று. பேத்தி ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினாள். அழகாகத்தான் எழுதினாள். நான்தான் ஓரத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன், பிறகு இன்னும் மூன்று வரி. எழுத்து சுருங்கிச் சுருங்கிப் பலகை ஒரு பாடப்புத்தகப் பக்கம் போல் ஆகிவிட்டது. அந்தப் பலகையைத் தாண்டி ஒரு பெரியவர் வந்தார். எங்கள் அறுபத்தொருவரில் ஒருவர். எங்களுக்கு ஆனந்தம்! நேராக வந்தார், நேராக வந்தார், நேராக ஜெராக்ஸ் கடைக்குள் போய்விட்டார். அங்கே மூடி திறந்திருந்த ஜெராக்ஸ் எந்திரத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, "எழுத்து ஒண்ணுமே தெரியலம்மா, வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போகுது" என்றாராம். ஜெராக்ஸ் கடை அக்கா பதறிப்போய் அவரை அவர் வீட்டுத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "உங்க பக்கத்துக் கடைக்கு வர்றவங்க எல்லாம் ஏன் ஒரு மாதிரி இருக்காங்க?" என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் என்ன செய்தோம்? "பாவம், வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அவருக்கு அன்றைக்கு மூன்றாவது முறையாகச் செய்தி அனுப்பினோம்.

அவர் முகத்தின் ஜெராக்ஸ் பிரதி இரண்டு இன்னும் அந்த அக்காவிடம் இருக்கிறது. நல்ல தெளிவான பிரதி.

எனக்கோ யானை ஆறவில்லை. மற்றவர்கள் வராவிட்டால் போகட்டும். இந்தத் தையல்காரரை நேரில் நான்கு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு காலைப் பொழுதில், யாரிடமும் சொல்லாமல், அவர் பெட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எதிர்த்தெருவுக்குப் புறப்பட்டேன். மூன்று மாடி. படி ஏற ஏற முழங்கால் வலித்தது. முழங்கால் வலிக்க வலிக்கக் கோபம் கூடியது. மணியை அழுத்தினேன். கதவு திறந்தது. தையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, முகம் மலர்ந்து சொன்னார்:

"வாங்க தம்பி, வாங்க! பேன்ட் அளவு குடுக்கத்தானே?"

தம்பி! அறுபத்தெட்டு வயதில் தம்பி! நான் கொதித்தேன்.

"தம்பியும் இல்ல, பேன்ட்டும் இல்ல. நீங்கதானே எனக்கு யானை அனுப்பினது?"

"யானையா? நான் எதுக்கும்மா யானை அனுப்பப் போறேன்? எனக்கு ஊசியே கண்ணுக்குத் தெரியல, யானை எங்க தெரியப் போகுது?"

"பொய் சொல்லாதீங்க. மூணு தடவை வந்திருக்கு."

"அட, அதா? இந்தக் கைப்பேசியில தினமும் என்னமோ டிங்கு டிங்குன்னு வருதும்மா. தொறந்து பாத்தா கறுப்பா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நிறுத்தலாம்னு எங்கயாவது அமுக்குவேன். அதுல யானை போச்சா என்ன?"

"எறும்பில்ல அது! கண்ணாடி ரெடின்னு நாங்க அனுப்பின செய்தி!"

"யாரு, கண்ணாடிக் கடையா? நல்லா வந்து கேட்டீங்க! பொறுப்பில்லாத கடைம்மா அது. ரெடியானா சொல்றோம்னு சொல்லி மூக்குல இருந்ததைக் கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வரல. வந்ததைப் படிச்சுப் பாக்கலாம்னா…" என்றவர், சட்டென்று நின்று, கைப்பேசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், "...படிக்கறதுக்குக் கண்ணாடி உங்க கடையில இல்ல இருக்கு?"

அவையோரே!

கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத அறுபத்தொரு பேருக்கு, கண்ணாடி இருந்தால்தான் படிக்கக்கூடிய எழுத்தில், கண்ணாடி தயார் என்று பதினெட்டு நாள் எழுதியிருக்கிறோம்! ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை? பேத்திக்கு இருபத்தாறு வயது, கழுகுக் கண். அவள் கணவருக்குச் சுவரில் ஊரும் எறும்பின் மீசை தெரியும். எனக்கோ கண்ணாடி குளிக்கும்போதுகூட மூக்கில் இருக்கும். எங்களுக்குத் தெரிந்தது, அதனால் எல்லோருக்கும் தெரிந்தது! அந்தப் பத்தொன்பது பேர் எப்படி வந்தார்கள்? அவர்கள் வீட்டில் படித்துச் சொல்ல ஓர் இளவட்டம் இருந்தது. இவ்வளவுதான் ரகசியம்.

"சரி, உங்க வீட்டம்மாகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாதா?" என்று ஒரு கடைசி முயற்சியாய்க் கேட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "என் கண்ணாடியும் அங்கதான்மா இருக்கு! பாதி விலைன்னு ரெண்டு பேரும் சேர்ந்துல்ல குடுத்தோம்! பதினெட்டு நாளா இந்த மனுசன் தைக்கறதை நான் பார்க்கல, நான் சமைக்கறதை அவர் பார்க்கல. நிம்மதியாத்தான் இருக்கோம். ஆனா நேத்து ஒரு சட்டைக்கு மூணு கை வச்சுட்டார்!"

பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். தையல்காரர் மாட்டினார். அறையைப் பார்த்தார். மூன்று கைச் சட்டையைப் பார்த்தார், அவசரமாய் அதைத் திரைக்குப் பின்னால் தள்ளினார். பிறகு உட்கார்ந்து எங்கள் செய்திகள் அத்தனையையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தார். "மூக்கின் வரவை எதிர்நோக்கி முகம் வாடிக் காத்துக் கிடக்கிறது" என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில், எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னவென்று கேட்டார். என் சோப்புப்பெட்டித் தமிழுக்குக் கிடைத்த முதல் வாசகர்!

படி இறங்கும்போது முழங்கால் வலித்ததா? தெரியாது. பறந்தேன். தேதி இருபத்து நான்கு. ஆறே நாள். கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். பேத்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பேத்தி மாப்பிள்ளை லென்ஸ் தேய்க்கும் கல்லை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கூப்பிட்டுப் பேசணும்!" என்று நானே கைப்பேசியை எடுத்தேன். முதல் எண். எடுத்தார்கள். நான் தொண்டையைச் செருமி, "பேரன்புக்குரிய வாடிக்கையாளப் பெருந்தகையீர்! தங்கள் விழிகளின் உற்ற துணையாம்…" டொக். வைத்துவிட்டார்கள். இரண்டாம் எண். "பேரன்புக்குரிய…" டொக். மூன்றாமவர் கொஞ்சம் கேட்டார். "பெருந்தகையீர்" வரை கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி, "ஏதோ விளம்பரம்டி, மிஷின் பேசுது" என்று சொன்னது எனக்கே கேட்டது. மிஷின்! நான் மிஷின்!

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் கடைகளுக்குக் கூப்பிட்டால் மட்டும் என்ன கேட்கிறது? பாட்டு ஓடுகிறது, "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று ஒரு குரல் வருகிறது, முக்கியமான அழைப்பை யாராவது எடுக்கிறார்களா?

பேத்தி மெல்ல என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள். அதே எண்ணைக் கூப்பிட்டாள். "ஐயா, கண் டெஸ்ட் பண்ண பொண்ணு பேசுறேன். உங்க கண்ணாடி ரெடி. வர முடியுமா, நாங்க கொண்டு வரட்டுமா?" அவ்வளவுதான். "கண்ணு, நீயாம்மா! உன் குரல் எனக்குத் தெரியும். பஸ் நம்பர் தெரியலம்மா எனக்கு, எப்படி வர்றதுன்னுதான் உட்கார்ந்திருக்கேன்" என்றார் என்னை மிஷின் என்ற அதே பெரியவர்.

கவனியுங்கள், வணிகச் செல்வங்களே, கவனியுங்கள்! அலங்காரம் கேட்டாரா? இல்லை. அடுக்குமொழி கேட்டாரா? இல்லை. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தது, என்ன செய்தி என்று தெரிந்தது. அதோடு, தன்னிடம் ஒரு கேள்வியும் கேட்டார்கள் என்று தெரிந்தது. அந்தக் கேள்வி கேட்டதால் அல்லவா பஸ் நம்பர் தெரியாத சங்கடம் வெளியே வந்தது! நாங்கள் எழுபது செய்தி அனுப்பியிருந்தாலும் அந்தப் பஸ் நம்பர் சங்கடம் எங்களுக்குத் தெரிந்திருக்குமா?

பிறகு என்ன? வர முடிந்தவர்களைச் சாவிக்கடைக்காரர் பஸ் நிறுத்தத்தில் நின்று கைபிடித்துக் கூட்டிவந்தார். வர முடியாதவர்களுக்குப் பேத்தி மாப்பிள்ளை சைக்கிளில் கொண்டுபோய், மூக்கில் மாட்டி, காதில் சரிபார்த்துக் கொடுத்தார். நாற்பத்திரண்டு பூஜ்ஜியம் அனுப்பியவர் பாவம், கணக்கு வாத்தியார். தீயணைப்பு வண்டி அம்மா எங்கள் கடைக்கு வந்து, கண்ணாடியை மாட்டி, என்னைப் பார்த்து, "நீங்க பாட்டியா! நான் இத்தனை நாள் ஏதோ பீரோன்னு நெனச்சேன்" என்றார். போகட்டும். பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் கடைசிப் பெட்டியும் போனது. அலமாரி காலி. மகிழ்ச்சியில் தேநீர் வாங்கிக் குடித்தோம். விடிந்தது. முப்பதாம் தேதி. வாசலில் செருப்புச் சத்தம்.

அடடா! அப்போதுதான் உறைத்தது. கட்டடத்துக்கார அம்மா வந்துவிட்டார். கடையில் ஆள் நிற்க வேண்டும் என்றார். ஆள் எங்கே? எல்லோருக்கும்தான் ஒழுங்காய்ப் பேசி, ஒழுங்காய்க் கொடுத்து, ஒழுங்காய் அனுப்பிவிட்டோமே! அறையில் நாங்கள் மூன்று பேர். ஒரு ஈ.

அந்த அம்மா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கைப்பையைத் திறந்து, நான்காய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காலி பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு."

என் பேத்தி பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். மெதுவாக என் பக்கம் நீட்டினாள். நானும் படித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு எனக்கு அன்றைக்குப் போல் என்றைக்கும் உதவியதில்லை. அதில் மூன்றே வரி:

சோப்பு இரண்டு.
எறும்பு மருந்து ஒன்று.
உள்பாவாடைக்கு எலாஸ்டிக் மூன்று மீட்டர்.

"என்ன யோசிக்கிற? அதுல எழுதியிருக்கறதெல்லாம் இந்த வாரத்துக்குள்ள நடக்கணும்" என்றார் அந்த அம்மா.

பேத்தி மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே பின்பக்க அறைக்குப் போய்விட்டார். அங்கிருந்து லென்ஸ் தேய்க்கும் கல்லின் சத்தம் கேட்டது. எதையும் தேய்க்கவில்லை, சும்மா ஓடவிட்டார்.

"கடைசி வரியை நல்லாப் பாத்துக்கோ. அதுல நான் ஒரு இம்மிகூட இறங்கி வர மாட்டேன்!"

அம்மா, அக்கா, தங்கைகளே! என் வயிற்றுக்குள் சிரிப்பு முட்டுகிறது. நாக்கு நுனியில் ஒரு நூறு வாக்கியம் வரிசையில் நிற்கிறது. ஒன்றை அவிழ்த்துவிட்டாலும் போதும், அந்த அம்மா வாழ்நாள் முழுக்க எங்கள் தெருப்பக்கம் தலைகாட்ட முடியாது. வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் பேத்தியின் கால் என் காலை மிதித்தது. நல்ல மிதி.

அவள் சொன்னாள்: "படிச்சேன்மா. ஆனா முக்கியமான விஷயம், நான் தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாதுல்ல. நீங்களே ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடுங்களேன்."

அந்த அம்மா காகிதத்தை வாங்கினார். கிட்டே கொண்டுவந்தார். எட்ட நீட்டினார். இன்னும் எட்ட நீட்டினார். கை முடிந்துவிட்டது. "நான் எழுதினதுதானே, எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் இருந்த கறார் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்களுக்குக் கண் தெரியவில்லை அம்மா" என்று என் பேத்தி சொல்லியிருக்கலாம். உண்மைதானே? சொல்லவில்லை. "காகிதம் மாறிவிட்டது அம்மா" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். சொல்லவில்லை. என்ன சொன்னாள் தெரியுமா?

"இங்க வெளிச்சம் சரியில்லம்மா. அந்த நாற்காலியில உட்காருங்க, அங்க நல்லாத் தெரியும்."

கண் பார்க்கும் நாற்காலி அது. அந்த அம்மா ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய் உட்கார்ந்தார். பேத்தி ஒன்றும் கேட்காமல், சோதனைக் கண்ணாடியை அவர் மூக்கில் பூப்போல வைத்தாள். ஒரு லென்ஸ் போட்டாள், எடுத்தாள். வேறொன்று போட்டாள். "இப்பப் பாருங்கம்மா."

அந்த அம்மா காகிதத்தைப் பார்த்தார். உதடு அசையாமல் மூன்று வரியையும் படித்தார். காது மடல் சிவந்தது. கைப்பையைத் திறந்தார், உள்ளே அதேபோல் நான்காய் மடித்த இன்னொரு காகிதம் இருந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். லென்ஸ் அவ்வளவு துல்லியம்! அந்தக் காகிதத்தை அவர் வெளியே எடுக்கவில்லை. பையை மூடினார்.

"இது செய்ய எத்தனை நாளாகும்?"

"மூணு நாள்மா."

"ரெடியானதும் செய்தி அனுப்புவியா?"

"இல்லம்மா. நானே வந்து கதவைத் தட்டுறேன்."

அந்த அம்மா எழுந்தார். சீட்டை மடித்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நான் குடுத்த காகிதத்தை ரெண்டு பேரும் படிச்சீங்கதானே?"

"படிச்சோம்மா."

"அதுல காலி பண்ணச் சொல்லி எங்கயாவது எழுதியிருந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன? வேலையைப் பாருங்க!"

(இப்போது தட்டுங்கள். சேமித்து வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான்.)

அந்த அம்மா இதோ, இரண்டாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார், தங்க நிற ஃபிரேம் போட்டு. இந்தக் கதையைச் சொல்லலாமா என்று முன்கூட்டியே அனுமதி கேட்டேன். தாராளமாய்ச் சொல்லுங்கள், எலாஸ்டிக் எத்தனை மீட்டர் என்பதை மட்டும் சொல்லாதீர்கள் என்றார். ...ஐயோ. சொல்லிவிட்டேனா? அம்மா, மன்னிக்க வேண்டும். எல்லோரும் மறந்துவிடுங்கள். ஹார்டுவேர் கடைத் தம்பி, நீயும்தான்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் முடித்துவிடுகிறேன். கடை திறந்திருக்கும் என் கண்மணிகளே! சத்தமாகப் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. சத்தமாகத்தான் நானே பேசுகிறேன். அழகாகப் பேசாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அழகை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒரே ஒரு நொடி, எதிரே இருப்பவர் எந்த நாற்காலியில் இருக்கிறார், எதைப் பார்க்க முடிகிறது, எதைப் பார்க்க முடியாமல் பார்த்ததாய்க் காட்டிக்கொள்கிறார் என்று பாருங்கள்! எழுதியது போய்ச் சேரவில்லையா? இன்னும் பெரிதாய் எழுதாதீர்கள், படியேறிப் போய்க் கேளுங்கள்! யானை வந்ததா? கோபப்படுங்கள், தப்பில்லை; ஆனால் கோபத்தோடாவது கிளம்பிப் போங்கள்! போனால்தான் தெரியும். போனால்தான் புரியும். போனால்தான், ஐயா, போனால்தான் நம் கடை நம் கடையாய் இருக்கும்!

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட ஒலிபெருக்கிக்கும், அதைவிட அதிகமாய்ப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கும், சிரித்த வாய்களுக்கும், சிரிப்பை அடக்கிய மரியாதைக்கும், என்னைப் பேசவிட்டுத் தன் தேநீரை ஆறவிட்ட தலைவர் ஐயாவுக்கும் என் நன்றி. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். என் பேத்தி அங்கே இருக்கிறாள், உங்கள் கண்ணைப் பார்த்துவிடட்டும். நல்லா இருங்கள். வணக்கம்!